அரை மாத்திரை

வந்தாறுமூலை. பதிவாளர் கந்தோர், இரண்டாம் மேசை.
பதவியுயர்வுக் கோப்பு, இளநீல மட்டை:
கலாநிதி கண்ணமுத்து வள்ளிநாயகி.
பிறப்பு களுவாஞ்சிகுடி. பட்டம் லெனின்கிராட்.
துறை ருஷ்ய மொழியின் வரலாறு.
கற்பிப்பது முதலாம் வருடத்துக்கு ஆங்கிலம்,
கிழமைக்குப் பதினான்கு மணித்தியாலம்.

தட்டச்சுக்கு வந்தது இருபத்தாறு பக்கம்.
என் விசைப்பலகையில் இல்லாத ஓர் எழுத்து
பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே நின்றது.
"இடம் விடுங்க தம்பி, நான் பேனையால போடுறன்."
ஆறாம் இலக்கம் மாதிரி; தலையில் சின்னக் கொக்கி.
"இதை என்னண்டு வாசிக்கிற, மிஸ்?"
"இப்ப வாசிக்க ஒண்ணா. முந்தி, குற்றியலுகரம்."

குற்றியலுகரம் எனக்குத் தெரியும்.
சாதாரண தரத்தில் அதற்கு இரண்டு புள்ளி இழந்தவன்.
அரை மாத்திரை:
உகரம் சொல்ல வெளிக்கிட்டு
உதடு குவியாமலே விட்டுவிடுவது.
எங்கள் வண்டும் நண்டும் அதிலேதான் முடிகின்றன.

அங்கே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், அது விழுந்ததாம்.
எப்படி விழுந்ததென்று பார்க்க
ஏழு வருடம் பூர்ச்சமரப் பட்டை படித்திருக்கிறா;
சேற்றுக்குள் கிடந்த கடிதங்கள்.
ஒருவன் கடனைத் திருப்பிக் கேட்கிறான்,
ஒருத்தி மீன் அனுப்பச் சொல்கிறாள்.
அவசரக்காரர்கள், காதில் விழாததை
எழுதாமல் விட்டார்கள்.
அந்தப் பிழைகள்தான் இவவுடைய சான்று.

ஆய்வேட்டின் சுருக்கத்தை அவவே தமிழாக்கித் தந்தா.
தலைப்பு: குறுகிய உயிர்களின் வீழ்ச்சி.
நான் தட்டினேன்.
சொல்லின் கடைசியிலிருந்து எண்ணுக.
ஒற்றையில் நிற்பது விழும்.
இரட்டையில் நிற்பது பிழைத்து முழு உயிராகும்.
விழுகிற உயிர் சிலவேளை
பக்கத்தில் நின்ற மெய்யை

இந்த இடத்தில் கை நின்றது.

தொண்ணூறில் இந்த வளாகம் அகதி முகாம்.
இந்தக் கந்தோருக்குப் பின்னால்தான் வரிசை.
எந்த விதியில் எண்ணினார்கள் என்று
எவரும் எழுதி வைக்கவில்லை.
எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பத்தொன்பது.

மெதுவாக்கிவிட்டுப் போகும், என்று வரியை முடித்தேன்.

மிஸ்ஸிடம் சொல்லவில்லை. பிளேன்டீ குடித்தோம்.
அவ தன் எழுத்தைப் பற்றியே பேசினா:
"சத்தம் செத்த மறுகாவும் அதை விடல்ல தம்பி.
எழுநூறு வருசம் சொல்லுக்கு வாலில வச்சு எழுதினவங்க.
கடதாசிச் செலவைப் பாருங்க!
தொளாயிரத்துப் பதினெட்டில ஒரு ஆணை வந்து எடுத்துட்டுது.
எண்டாலும் எல்லாத்தையும் எடுக்க ஏலல்ல.
சொல்லுக்கு நடுவில, அங்கொண்டு இங்கொண்டு, இன்னும் நிக்குது."

எங்கள் குடும்ப அட்டையில் மூன்றாம் வரி: தவேந்திரன்.
கிராம சேவகர் வருடா வருடம் பேனையைத் திறப்பார்;
அம்மா அட்டையை இழுத்துக்கொள்வா.

மொஸ்கோவிலிருந்து மதிப்பீட்டாளரின் கடிதம் வந்தது.
முழுக்க ருஷ்ய மொழி.
வாசிக்கத் தெரிந்தவர் இங்கே ஒருவர்தான்;
கடிதமோ அவவைப் பற்றியது.
இரண்டு கூட்டம் கூடிவிட்டு அவவிடமே கொடுத்தார்கள்.

புகழ்ச்சி நான்கு வரி. ஐந்தாவது:
'மூன்றாம் இயலின் காலக்கணிப்புத் தவறு.'
"இந்த வரியை விட்டிரலாமே, மிஸ்?"
தாளை வாங்கிப் பார்த்தா. மூலத்தையும் பார்த்தா.
"'முற்றிலும் தவறு' எண்டு இரிக்கு தம்பி.
'முற்றிலும்' விடுபட்டுப் போச்சு. போடுங்க."

கோப்பு மேலே போகுமுன் புரட்டினேன்.
இருபத்திரண்டாம் பக்கத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தது.
அவ லீவு. நானே போட்டேன், நீலப் பேனையால்.
கொக்கி வலப்பக்கம் திரும்பிவிட்டது;
வெள்ளை பூசி, காயும்வரை ஊதி,
திரும்பவும் போட்டேன்.

ஒரு மாதத்தில் இறங்கி வந்தது.
பதவியுயர்வு பற்றி ஒரு சொல்லும் இல்லை.
அந்த எழுத்தை மட்டும், நின்ற இடமெல்லாம்,
சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள்.
ஓரத்தில்: எழுத்துப்பிழையா?

இல்லை என்று எழுதினேன்,
வட்டத்துக்கு வட்டம்.
சுருக்கொப்பமும் வைத்தேன்.